நான்கு பேர், ஏ.சி., முன்னால் ஒரு லாரி

டெல்லி கரோல் பாக் பக்கம் கார் பார்க்கப் போன குடும்பம் வீடு திரும்பும்போது இரண்டு எண்களை மனப்பாடமாகச் சொல்லும். ஒன்று ஆன்-ரோடு விலை, மற்றொன்று மைலேஜ். மாதத் தவணையையும் சேர்த்தால் மூன்று. நான்கு பேர் ஏறி உட்கார்ந்து, டிக்கியில் பெட்டிகளை அடுக்கி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும்போது, முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும் லாரியைத் தாண்ட இந்தக் காருக்கு எத்தனை நொடி ஆகும்? அதை யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை. நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிற்க எத்தனை மீட்டர் வேண்டும் என்பதும் கேட்லாக்கில் இருக்காது. சின்ன கார் வாங்குகிறவருக்கு வேறெந்த எண்ணையும்விட இந்த இரண்டும்தான் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். அவற்றைச் சொல்லக்கூடிய ஒரே இடம் சோதனை டிராக்.

கரோல் பாகை ஒட்டிய புசா ரோடு, சோதனை டிராக்குக்கு நேர் எதிரான இடம். ஜண்டேவாலான் பக்கத்திலிருந்து ராஜேந்திரா பிளேஸ் வரை நீளும் இந்தச் சாலையின் தலைக்கு மேல் 2005 டிசம்பர் கடைசி நாளிலிருந்து புளூ லைன் மெட்ரோ ஓடுகிறது. வடக்கே கரோல் பாக் கடைவீதி, தெற்கே ராஜேந்திர நகரும் அதன் ஐ.ஏ.எஸ். பயிற்சி மையங்களும். சாலைக்குப் பெயர் தந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம், 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்துபோய், பிகாரின் புசாவிலிருந்து 1936-ல் இங்கே வந்தது. பிற்காலத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் இயக்குநராக இருந்த நிலையம் அது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் ஒன்றும் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. மத்திய அரசு வேலைக்கு வந்து, கரோல் பாகில் வாடகைக்குக் குடியேறிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழகிய வட்டாரம். சீட் கவர், ஸ்டீரியோ, அலாய் வீல் என்று காருக்கு எது வேண்டுமானாலும் இங்கே கிடைக்கும். பழைய கார் வியாபாரிகளும் உண்டு.

இங்கே டெஸ்ட் டிரைவ் என்றால் என்ன நடக்கும்? பக்கத்து சீட்டில் விற்பனைப் பிரதிநிதி. ஷோரூமிலிருந்து இடதுபுறம் திரும்பி, ஈ-ரிக்‌ஷாக்களுக்கும் பேருந்துக்கும் நடுவே நுழைந்து, மெட்ரோ தூண்களுக்கு இடையே யூ-டர்ன் போட்டுத் திரும்பிவிட வேண்டியதுதான். மூன்றாவது கியர் விழுந்தாலே அதிர்ஷ்டம். கிளட்ச் லேசா, ஸ்டீயரிங் திரும்புகிறதா, ஏ.சி. குளிர்கிறதா என்பது தெரியும். நகரத்துக்கு அது போதும். ஆனால் அதே கார் தீபாவளி விடுமுறைக்கு ஹரித்துவாருக்கோ ஜெய்ப்பூருக்கோ போகும். வேலை மாற்றல் வந்தால் சென்னை வரைக்கும்கூட ஓடும். அங்கே அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை இந்த இரண்டு கிலோமீட்டர் சொல்லாது.

இந்தியாவின் சின்ன கார் கதையே டெல்லியோடு கட்டப்பட்டது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தபோது வாங்கிக்கொண்டவர் டெல்லிவாசியான ஹர்பால் சிங். 47,500 ரூபாய் கார் அது. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பதை எட்டாத குதிரைசக்தி. அன்று சாலையில் ஓடிய அம்பாசிடரின் இன்ஜின் அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரியது. இருந்தும் மாருதியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் முதலில் சொன்னது அதன் துடிப்பைப் பற்றித்தான். காரணம் எடை. அம்பாசிடரும் பத்மினி காரும் சுமந்த இரும்பை இந்தக் கார் சுமக்கவில்லை. ஒவ்வொரு குதிரைசக்தியும் எத்தனை கிலோவை இழுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் பிக்கப். இன்ஜினின் அளவு அதற்குப் பிறகுதான்.

இதைக் கண்ணெதிரே நிரூபித்துக் காட்டியவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர். கோவையின் எஸ். கரிவர்தன், 1980-களின் இறுதியில், அதே மாருதி 800 இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கை கொண்ட பந்தயக் கார்களில் பொருத்தினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். கறிகாய் வாங்கக் கடைவீதிக்குப் போகிற காரின் இன்ஜின், எடை இறங்கியதும் பந்தய டிராக்கில் சீறியது. நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது இந்தக் கார்களில்தான். நடிகர் அஜித்குமாரும் 2002-ல் ஃபார்முலா மாருதியில் போட்டியிட்டவர். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்தின் 2.1 கி.மீ. டிராக் இன்று அவர் பெயரில் இருக்கிறது. நம் நாட்டின் சிக்கன இன்ஜினை அவ்வளவு மரியாதையோடு நடத்திய இன்னொருவரை எனக்குத் தெரியாது.

டிராக்கில் என்ன செய்கிறார்கள்?

முதலில் காரை எடை போடுகிறார்கள். கம்பெனி சொல்லும் எடையும் தராசு காட்டும் எடையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பிறகு டயரில் காற்று, கம்பெனி குறித்த அளவுக்குக் குளிர்ந்த நிலையில் சரிபார்க்கப்படும். ஸ்பீடோமீட்டரை யாரும் நம்ப மாட்டார்கள். விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. அதனால் எல்லாக் கம்பெனிகளும் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே வைக்கின்றன. முள் நூறைத் தொடும்போது கார் 95-ல்கூட இருக்கலாம். ஆகவே கூரையில் ஒரு ஜி.பி.எஸ். ஆன்டெனாவைப் பொருத்தி, ஒரு நொடிக்குள் பல முறை வேகத்தையும் தூரத்தையும் பதிவு செய்யும் கருவியை இணைக்கிறார்கள். ஜி.பி.எஸ். வருவதற்கு முன்பு காரின் பின்னால் ஐந்தாவதாக ஒரு சைக்கிள் சக்கரத்தை இணைத்து அதன் சுழற்சியிலிருந்து வேகம் கணக்கிட்ட காலமும் இருந்தது.

ஒரு திசையில் ஓட்டியது போதாது. காற்று பின்னாலிருந்து தள்ளியிருக்கலாம், தரை கண்ணுக்குத் தெரியாமல் சரிந்திருக்கலாம். அதனால் அதே நேர்பாதையில் எதிர்த்திசையிலும் ஓட்டி இரண்டின் சராசரியை எடுப்பார்கள். நல்ல சோதனைக்கும் வெறும் விளம்பர ஓட்டத்துக்கும் இங்கேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகம் தொடும் நேரம் எல்லாருக்கும் பிடித்தது, படிக்கவும் சுவாரஸ்யமானது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டு பேரோடு சேர்த்து 890 கிலோ உள்ள கார் 100 கி.மீ. வேகத்தில் போக அதற்குள் ஏறத்தாழ 343 கிலோஜூல் ஆற்றல் சேர்ந்திருக்க வேண்டும். மாருதியின் ஆல்டோ 800-இன் 48 குதிரைசக்தியும் ஒரு துளி வீணாகாமல் முழு நேரமும் கிடைத்தால் இதைச் சேர்க்கப் பத்து நொடி போதும். நடைமுறையில் அப்படி நடக்காது. 48 குதிரைசக்தி கிடைப்பது 6,000 ஆர்.பி.எம்.மில் மட்டுமே. டார்க் உச்சம் தொடும் 3,500-ல் அந்த இன்ஜின் தருவது 34 குதிரைசக்தி அளவுதான். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சக்கரங்களுக்குச் சக்தி போகாத ஒரு இடைவெளி விழுகிறது. வேகம் ஏற ஏறக் காற்று வேறு தடுக்கிறது. ஆகவே பத்து என்பது காகிதத்தில் நின்றுவிடும், டிராக்கில் அதைவிட வெகுவாகக் கூடும்.

இந்த எண்ணால் குடும்பத்துக்குப் பெரிய பயன் இல்லை. நின்ற இடத்திலிருந்து நூறுக்குப் பாய்கிற அவசியம் யாருக்கு வருகிறது? உண்மையான பயன் இன்னொரு சோதனையில் இருக்கிறது. மூன்றாவது கியரில் 20-லிருந்து 80, நான்காவது கியரில் 40-லிருந்து 100. கியர் மாற்றாமல், ஆக்சிலேட்டரை அழுத்தி, கடிகாரத்தைப் பார்ப்பது. ஓவர்டேக் செய்யும்போது கார் செய்வது இதைத்தான். நம் நாட்டுக் கார்ப் பத்திரிகைகள் பல ஆண்டுகளாக இந்த எண்களை வெளியிட்டு வருகின்றன. அவற்றுக்கு வாசகர்கள் நன்றி சொல்ல வேண்டும்.

டெல்லியின் மே மாதம்

ஆனால் பத்திரிகைச் சோதனைகள் பெரும்பாலும் இரண்டு பேரோடு, வெயில் ஏறுவதற்கு முன் நடப்பவை. நம் குடும்பம் போவது அப்படியா? நான்கு பெரியவர்கள் 260 கிலோ, பெட்டிகள் 30, 40 கிலோ. 750 கிலோ காருக்கு இது சொந்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு கூடுதல். பெரிய எஸ்.யூ.வி. ஒன்றில் இதே நான்கு பேர் ஏறினால் அதற்கு உறைக்காது. சின்ன கார்தான் ஒவ்வொரு ஆளையும் உணர்கிறது.

அடுத்தது வெப்பம். டர்போ இல்லாத சின்ன இன்ஜின், வெளியே இருக்கும் காற்றை இருந்தபடியே இழுத்துக்கொள்கிறது. டெல்லியில் ஜனவரி காலை 10 டிகிரி, மே மதியம் 45 டிகிரி. இந்த இரண்டுக்கும் நடுவே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. உள்ளே போகும் ஆக்சிஜன் குறைந்தால் பவரும் இறங்கத்தானே செய்யும். அந்த மே மதியத்தில்தான் ஏ.சி. கம்ப்ரசரும் இன்ஜினிடமிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் பல கார்களில் கம்ப்ரசர் தானாகவே சில நொடிகள் துண்டிக்கப்படும், அது நல்ல ஏற்பாடு. ஆனால் பாதி மிதியில் தயங்கித் தயங்கி ஓவர்டேக் செய்பவருக்கு அந்த உதவி கிடைக்காது.

இப்போது அந்த லாரிக்கு வருவோம். இருவழிச் சாலை. 10 மீட்டர் நீள லாரி 60 கி.மீ. வேகத்தில் போகிறது. அதற்கு 15 மீட்டர் பின்னால் இருந்து கிளம்பி, அதைத் தாண்டி 15 மீட்டர் முன்னால் போய் நம் வழிக்குத் திரும்ப வேண்டும். காரின் நீளத்தையும் சேர்த்தால் லாரியைவிட 44 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். இரண்டு பேரோடு, குளிர்ந்த காலையில், நொடிக்கு ஏறக்குறைய 3 கி.மீ. வீதம் வேகம் ஏறும் கார் இதை பத்தரை நொடியில் முடிக்கும். அதற்குள் கார் 219 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே 80-ல் வரும் வண்டி 233 மீட்டர் நெருங்கியிருக்கும். ஆக, கண்ணுக்கு எட்டும் தூரம் 450 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். அதே கார், நான்கு பேர், பெட்டிகள், மே வெயில், ஏ.சி. என்றால் நேரம் 12 நொடியைத் தாண்டும், தூரம் 515 மீட்டராகும். அறுபது மீட்டருக்கு மேல் கூடிவிட்டது! ஓட்டுபவரின் கண்ணும் மனமும் பழகியிருப்பது தினமும் தனியாக அலுவலகம் போகும் காரின் 450 மீட்டருக்கு. குறைபடுவது அந்த அறுபது மீட்டர். இந்தக் கணக்கில் மூன்றாவது கியருக்கு இறங்க மறந்து நான்காவதிலேயே மிதித்தவரைச் சேர்க்கவில்லை. அவருக்கு நிலைமை இன்னும் மோசம்.

வேகமாக ஓட்டும் ஆசைக்குத்தான் பிக்கப் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும். குறைந்த விலைக் காரில் பிக்கப் என்பது எதிர்வழியில் நாம் இருக்கும் நேரத்தைக் குறைக்கிற ஒன்று. பாதுகாப்பு என்ற தலைப்பில் ஏர்பேக் எண்ணிக்கைக்கு அருகிலேயே அது அச்சாக வேண்டும். மாருதி, 2010-ல் ஆல்டோவில் 998 சிசி இன்ஜினைப் பொருத்திக் கே10 என்று கொண்டுவந்தபோது எடை பெரிதாகக் கூடாமல் பவர் 67-ஐத் தொட்டது. அந்தக் காரை நெடுஞ்சாலையில் ஓட்டியவர்களுக்கு வித்தியாசம் உடனே புரிந்தது. இன்றைய கே10-உம் அதே அளவில்தான் நிற்கிறது: 66 சொச்சம் குதிரைசக்தி, 89 நியூட்டன் மீட்டர் டார்க்.

மறுபக்கத்தில் நானோ. 2008 ஜனவரி 10 அன்று டெல்லி பிரகதி மைதானில் ரத்தன் டாடா அதை அறிமுகம் செய்தபோது உலகமே பார்த்தது ஒரு லட்சம் என்ற விலையை. பின்னால் 624 சிசி, இரண்டு சிலிண்டர் இன்ஜின். பின்பாரத்துக்கு ஏற்றபடி முன்னால் 135, பின்னால் 155 என்று அகலம் மாறிய 12 அங்குல டயர்கள். உச்ச வேகம் 105-ல் கட்டப்பட்டிருந்தது. நகரத்துக்கென்று நேர்மையாக வடிவமைத்த கார் அது. ஆனால் வாங்கியவர்கள் அதில் நெடுஞ்சாலைக்கும் போனார்கள்.

பிரேக்குக்கு வருவோம். நல்ல பிடிமானம் உள்ள உலர்ந்த தரையில் 80 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க ஒரு காருக்கு 31, 32 மீட்டர் போதும். நூறிலிருந்து என்றால் 49 மீட்டர். வேகம் கால் பங்கு கூடியதற்குத் தூரம் பாதிக்கு மேல் கூடிவிட்டது. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனால், நூறில் போகும் கார் அதற்குள்ளேயே 28 மீட்டர் போயிருக்கும். சிக்கன ஹேட்ச்பேக்கில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், 145 அகல டயர். ஒருமுறை நிறுத்துவது சிக்கலில்லை. டிராக்கில் உண்மை தெரிவது ஆறாவது, ஏழாவது முறை, பிரேக் சூடேறிய பிறகு. மிதி ஆழமாகப் போகிறதா, கார் ஒரு பக்கம் இழுக்கிறதா, தூரம் கூடுகிறதா என்று பார்ப்பார்கள். மலைப்பாதையில் இறங்குகிற குடும்பத்துக்கு அந்த ஏழாவது பிரேக்தான் கணக்கு. 2019 ஏப்ரலிலிருந்து எல்லா கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. சின்ன கார் வாங்குவோருக்கு அரசு செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று என்று இதைச் சொல்வேன்.

இடமில்லாத குறை தீர்ந்துவிட்டது

சோதிக்க இடம் இல்லை என்று சொல்ல முடிந்த காலம் ஒன்று இருந்தது. சென்னை சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் பல ஆண்டுகள் பந்தயமே நடந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கி.மீ. டிராக் வந்தது. அதே சிப்காட் வட்டாரத்தில் 1998-லிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ தயாரானது. சற்றுத் தள்ளி ஒரகடத்தில் 2015-லிருந்து ரெனோவின் க்விட். அதே ஒரகடத்தில் மத்திய அரசின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம், தன் டிராக்குகளோடும் மோதல் சோதனைக் கூடத்தோடும் இருக்கிறது. மத்தியப் பிரதேசம் பீதம்பூரில் 11.3 கி.மீ. சுற்றளவுள்ள அதிவேக டிராக் 2021 ஜூனில் திறக்கப்பட்டது. டெல்லிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே, கிரேட்டர் நொய்டாவில் ஃபார்முலா ஒன் நடந்த புத் சர்க்யூட் இருக்கிறது, அதன் நீண்ட நேர்பாதை ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். மாருதிக்கு ரோத்தக்கில் சொந்த டிராக்குகள். ஆக, எந்தக் கம்பெனியிடமும் இந்த எண்கள் இல்லாமல் இல்லை. முழுச் சுமையோடு ஓட்டிப் பார்க்காமல் ஒரு கார் சந்தைக்கு வருவதும் இல்லை. வாங்குபவர் கைக்குத்தான் அவை வருவதில்லை.

நாம் அவ்வளவு நம்பும் மைலேஜ்கூட பாதி டிராக்கில் பிறந்ததுதான். ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை மையங்களில் காரை உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டி மைலேஜ் அளக்கிறார்கள். உருளை எவ்வளவு எதிர்ப்புக் கொடுக்க வேண்டும் என்று தெரிய, அதற்கு முன் காரைச் சமதள டிராக்கில் வேகமாக ஓட்டி, நியூட்ரலில் போட்டு, தானாக வேகம் குறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கிறார்கள். டயர், காற்று, பேரிங் எல்லாம் சேர்ந்து காரைப் பின்னிழுக்கும் விசை அதில் வெளிப்படும். இந்தியச் சோதனைச் சுழற்சியின் உச்ச வேகம் 90 கி.மீ. ஏ.சி. போடாமல் நடந்த சோதனை. கேட்லாக்கில் அச்சாகும் மைலேஜ் அங்கிருந்து வருகிறது. மைலேஜுக்கு இவ்வளவு மெனக்கெட முடிகிறதென்றால், 40-லிருந்து 80-க்கு முழுச் சுமையோடு எத்தனை நொடி என்பதை அச்சிட என்ன தடை?

நடக்காது என்பவர்களுக்கு 2014-ஐ நினைவுபடுத்த வேண்டும். அந்த ஆண்டின் தொடக்கத்தில் குளோபல் என்கேப் அமைப்பு நம் நாட்டின் ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டு முடிவை வெளியிட்டது. பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்குமே பூஜ்ஜியம். அப்போது கம்பெனிகள் சொன்னது, இந்திய விதிகளை நாங்கள் மீறவில்லை என்பதுதான். உண்மை, அப்போது அப்படி ஒரு விதியே இங்கே இல்லை. ஆனால் எண் வெளியே வந்ததும் மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். 2017-லிருந்து புதிய மாடல்களுக்கு மோதல் சோதனை கட்டாயமானது. 2023 அக்டோபரில், மோதல் சோதனை முடிவை ஸ்டார்களாகச் சொல்லும் பாரத் என்கேப் நடைமுறைக்கு வந்தது. ஆல்டோ கே10-க்கே 2025-ல் ஆறு ஏர்பேக் கிடைத்துவிட்டது. இன்று ஷோரூமில் எத்தனை ஸ்டார் என்று கேட்காத குடும்பம் குறைவு. மோதிய பிறகு உயிர் பிழைப்பதற்கான எண்ணை நாம் கேட்டு வாங்கிவிட்டோம். மோதாமல் தப்பிப்பதற்கான எண்ணையும் அதே பாரத் என்கேப் அட்டையில் கேட்கலாம். முழுச் சுமையில் 40-லிருந்து 80, முழுச் சுமையில் நூறிலிருந்து பூஜ்ஜியம். இரண்டே வரி.

இதைக் கேட்க இதுவே நேரம். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது, மேல்வரியும் போனது. பைக்கிலிருந்து முதல் காருக்கு மாறும் குடும்பங்களை மனதில் வைத்துச் செய்த மாற்றம் அது. இவர்களில் பெரும்பாலோர் நான்கு சக்கரத்தில் லாரியைத் தாண்டிப் பழகாதவர்கள். பைக்கில் ஒரு சின்ன இடைவெளி போதும், நொடியில் நுழைந்து வெளியே வந்துவிடலாம். அந்தப் பழக்கத்தோடு, முழுச் சுமை ஏற்றிய ஹேட்ச்பேக்கில் எதிர்வழிக்கு இறங்குகிறவருக்கு அதன் அளவு என்னவென்று யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

அதுவரை புசா ரோட்டில் கார் பார்க்கப் போகிறவர்கள் தாங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தனியாகப் போகாதீர்கள். வீட்டில் நான்கு பேர் என்றால் நான்கு பேரும் ஏறுங்கள், விற்பனைப் பிரதிநிதியையும் ஏற்றிக்கொள்ளுங்கள். காலையில் வேண்டாம், வெயில் நேரத்தில் போங்கள், ஏ.சி. முழு அளவில் ஓடட்டும். கடைவீதியைச் சுற்றி வரும் வழக்கமான வழியை விட்டு, சங்கர் ரோடு வழியாக ரிட்ஜ் பக்கம் விடச் சொல்லுங்கள். அங்கே மரங்களுக்கு நடுவே சாலை கொஞ்சம் திறந்திருக்கும், லேசான ஏற்றமும் கிடைக்கும். சாலை காலியாக இருக்கும் இடத்தில், வேக வரம்புக்குள், மூன்றாவது கியரில் 30-லிருந்து 50 வரை மிதித்து, பின்சீட்டில் இருப்பவரை போனில் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு காரிலும் அதே இடத்தில், அதே ஆட்களோடு அதையே செய்யுங்கள். டிராக்கின் துல்லியம் கிடைக்காது. எந்தக் கார் உங்கள் குடும்பத்தைத் தயங்காமல் இழுக்கிறது என்பது தெரிந்துவிடும். அப்படி ஓட்டிப் பார்க்க ஷோரூமில் சம்மதிக்கவில்லை என்றால், முன்பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு ஷோரூமுக்குப் போங்கள்.